நாயின் இதயத்தில் ஒரு புழு: கொசுவைக் கண்டுபிடித்த கதை

நாய்க்கு வரும் நோய் எது என்று யாரைக் கேட்டாலும் முதலில் வெறிநோயைச் சொல்வார்கள். அடுத்து சொறி, உண்ணி, பார்வோ என்று பட்டியல் போகும். இதயப்புழு நோய் என்ற பெயரை நம் ஊர்ப்பக்கம் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் யானைக்கால் நோயைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. இந்த இரண்டு நோய்களும் நெருங்கிய உறவினர்கள். இரண்டையும் உண்டாக்குவது நூல் போன்ற ஃபைலேரியா புழு. இரண்டையும் பரப்புவது கொசு. இந்த உண்மையைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அந்த வரலாற்றில் கல்கத்தாவுக்கும் திருவிதாங்கூருக்கும்கூட இடம் உண்டு.

இரக்கமற்ற புழு

1856-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜோசப் லெய்டி என்ற அறிஞர் நாயின் இதயத்தில் வாழும் புழுவை விவரித்து அதற்குப் பெயர் வைத்தார். அவர் வைத்த பெயரில் இருக்கும் "இம்மிடிஸ்" என்ற லத்தீன் சொல்லுக்கு இரக்கமற்றது என்று பொருள். 1911-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ரையேவும் ஆன்றியும் "டைரோஃபைலேரியா" என்ற பேரினத்தை உருவாக்கினார்கள். அன்று முதல் இந்தப் புழுவின் முழுப்பெயர் டைரோஃபைலேரியா இம்மிடிஸ்.

பெயர் பொருத்தமானதுதான். பெண் புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும், அதாவது ஓர் அடி ஸ்கேல் நீளம்! நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிகளிலும் இதயத்தின் வலப்பக்கத்திலும் இவை குடியிருக்கும். நாயின் உடலில் 5 முதல் 7 ஆண்டுகள் வரை உயிரோடு இருக்கும். ஆரம்பத்தில் வெளியே எதுவும் தெரியாது. பிறகு இருமல் வரும். கொஞ்ச தூரம் ஓடினாலே நாய் களைத்துப்போகும். உடல் மெலியும், வயிற்றில் நீர் கோர்க்கும், சில சமயம் மயங்கி விழும். கடைசியில் இதயம் செயலிழக்கும்.

நாய்க்குள் புழு இருப்பது தெரிந்துவிட்டது. அது உள்ளே எப்படிப் போனது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

கல்கத்தாவில் ஒரு துளி இரத்தம்

அந்த விடைக்கான முதல் படி கல்கத்தாவில் எடுத்து வைக்கப்பட்டது. ஆங்கிலேய ராணுவ மருத்துவர் டிமோதி ரிச்சர்ட்ஸ் லூயிஸ் 1872-ல் மனித இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதில் நெளிந்துகொண்டிருந்த மிகச்சிறிய புழுக்குஞ்சுகளைக் கண்டார். மைக்ரோஃபைலேரியா என்று இன்று நாம் சொல்வது இவற்றைத்தான். கல்கத்தாவின் தெருநாய்களிடம் இருந்த புழுக்களையும் அவர் ஆராய்ந்தார். மனிதனுக்கும் நாய்க்கும் வரும் புழுக்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

அடுத்த படி சீனாவில். அமாய் துறைமுகத்தில் வேலை பார்த்த பேட்ரிக் மேன்சன், 1877-ல் இரத்தத்தில் புழு உள்ள ஒருவரைக் கொசுவைக் கொண்டு கடிக்க வைத்தார். பிறகு அந்தக் கொசுக்களை அறுத்துப் பார்த்தார். கொசுவின் உடலுக்குள் புழு வளர்வது தெரிந்தது. ஒரு பூச்சி மனித நோயைச் சுமக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் சான்றுகளில் இது ஒன்று. ஆனால் மேன்சன் ஒரு இடத்தில் சறுக்கினார். கொசு தண்ணீரில் விழுந்து சாகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்குப் புழு போகிறது என்று நினைத்தார்.

1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதன் பிறகு எல்லோர் கவனமும் கொசுக்கடியின் பக்கம் திரும்பியது. 1900-ம் ஆண்டில் மட்டும் மூன்று இடங்களிலிருந்து ஒரே விடை வந்தது. லண்டனில் ஜார்ஜ் கார்மைக்கேல் லோ, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கொசுக்களின் உறிஞ்சுகுழலில் புழுவைக் கண்டார். நம் பக்கத்துத் திருவிதாங்கூரில் எஸ்.பி. ஜேம்ஸ் என்ற மருத்துவர் கொசுவுக்குள் புழு உருமாறுவதைத் தனியாக ஆராய்ந்து எழுதினார். இத்தாலியில் கிராஸியும் நோயேயும் நாயின் இதயப்புழுவே கொசு வழியாகத்தான் பரவுகிறது என்று காட்டினார்கள்.

ஆக, மனிதனின் யானைக்கால் புழுவுக்கும் நாயின் இதயப்புழுவுக்கும் விடை ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிடைத்தது. குடிக்கும் தண்ணீர் காரணமில்லை, கொசுக்கடிதான் காரணம்.

வெயிலும் கொசுவும்

கொசு ஒரு நாயின் இரத்தத்தைக் குடிக்கும்போது புழுக்குஞ்சுகளும் சேர்ந்து போகின்றன. கொசுவின் உடலில் அவை சுமார் இரண்டு வாரம் வளர்ந்து அடுத்த நாய்க்குப் போகத் தயாராகின்றன. அந்த நாயின் உடலில் ஆறு ஏழு மாதத்தில் முழுப் புழுவாகின்றன. கொசுவுக்குள் இந்த வளர்ச்சி நடக்க வெப்பம் வேண்டும். 14 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். அதனால்தான் குளிர் நாடுகளில் இது கோடைக்கால நோய்.

நம் ஊரில் அந்தச் சலுகை கிடையாது. சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில், திருவாலங்காட்டுக்கு முந்தைய நிலையம் மணவூர். அங்கிருந்து வெயிலுக்குப் பேர்போன திருத்தணி வரைக்கும் மார்கழியில்கூட நாள் முழுவதும் நீடிக்கும் அப்படிப்பட்ட குளிர் வருவதில்லை. சாக்கடை, ஏரி, வயல் என்று எங்கும் தண்ணீர் தேங்குகிறது. கொசு வழியாக வரும் எந்தப் புழுவுக்கும் இங்கே பன்னிரண்டு மாதமும் சீசன்தான்.

இந்தியாவில் எங்கே எந்தப் புழு?

இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. உண்மையான இதயப்புழு இந்தியாவில் அசாம், மிசோரம், சிக்கிம் போன்ற வடகிழக்கு மாநில நாய்களில்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது. தென்னிந்தியாவில் அதிகம் காணப்படுவது அதன் தம்பியான டைரோஃபைலேரியா ரெபென்ஸ். இது இதயத்துக்குப் போகாது, தோலுக்கு அடியில் வாழும். நாய்க்கு இதனால் பெரும்பாலும் உயிராபத்து இல்லை. ஆனால் கேரளத்திலும் இலங்கையிலும் இந்தப் புழுவை மனிதர்களின் கண்ணிலிருந்தும் தோல் கட்டியிலிருந்தும் மருத்துவர்கள் எடுத்திருக்கிறார்கள். இதுவும் கொசு கொண்டுவந்து விட்டதுதான். மனிதனுக்கு யானைக்கால் நோய் தரும் ப்ரூகியா மலாயி புழுவையும் கேரளத்து நாய்களின் இரத்தத்தில் கண்டிருக்கிறார்கள். நாயின் நோய் வேறு, வீட்டுக்காரரின் நோய் வேறு என்று பிரித்துவிட முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆகவே தமிழ்நாட்டில் ஒரு நாயின் இரத்தத்தில் புழுக்குஞ்சு தெரிந்தவுடனே இதயப்புழு என்று முடிவு கட்டக்கூடாது. எந்தப் புழு என்று பிரித்துச் சொல்லும் பரிசோதனை வேண்டும். காரணம், இதயப்புழுவுக்கான சிகிச்சை சாதாரணமானது அல்ல.

மருந்துகளின் வரலாறு

முதிர்ந்த புழுவைக் கொல்ல ஆரம்பத்திலிருந்தே கைகொடுத்தது ஆர்சனிக் சேர்ந்த மருந்துதான். இன்று பயன்படும் மெலார்சோமினும் ஆர்சனிக் வகையே. ஊசி போட்ட பிறகு செத்த புழுக்கள் துண்டு துண்டாக நுரையீரல் இரத்தக்குழாய்களை அடைக்கலாம். அதனால் நாயை மாதக்கணக்கில் ஓடவிடாமல் கட்டிப்போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். பூனையின் நிலை இன்னும் மோசம். பூனைக்குள் ஒன்றிரண்டு புழுக்களே இருக்கும். ஆனாலும் ஆஸ்துமா போல மூச்சுத் திணறலோ திடீர் மரணமோ வரலாம். புழுவைக் கொல்லப் பூனைக்குப் பாதுகாப்பான மருந்தும் இல்லை.

வராமல் தடுப்பது மட்டும் எளிது. 1947-ல் டைஎதில்கார்பமசின் என்ற மருந்து ஃபைலேரியாப் புழுக்களை ஒழிப்பது தெரியவந்தது. நம் வீடுகளுக்கு சுகாதாரப் பணியாளர்கள் கொண்டுவந்து கொடுத்த டி.இ.சி. யானைக்கால் மாத்திரை இதுதான். தமிழ்நாட்டில் இப்படி ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுப்பது 1996-ல் கடலூர்ப் பகுதியில் தொடங்கியது. இதே மருந்தை வெளிநாடுகளில் இதயப்புழு வராமலிருக்க நாய்களுக்குத் தினமும் கொடுத்தார்கள். ஆனால் இரத்தத்தில் ஏற்கெனவே இதயப்புழுக் குஞ்சுகள் உள்ள நாய்க்கு இதைக் கொடுத்தால் அதிர்ச்சி ஏற்பட்டு உயிரே போகலாம்.

அடுத்து வந்தது ஐவர்மெக்டின். ஜப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து அமெரிக்காவில் வில்லியம் கேம்பெல் குழுவினர் உருவாக்கிய மருந்து இது. 1987-ல் அமெரிக்காவில் நாய்களுக்கான மாதாந்திர இதயப்புழுத் தடுப்பு மருந்தாக அனுமதி பெற்றது. அதே ஆண்டில்தான், ஆப்பிரிக்க மக்களைக் குருடாக்கிய ஆற்றுக்குருடு நோய்க்கு இதை இலவசமாகத் தருவதாக மெர்க் நிறுவனம் அறிவித்தது. 2015-ல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கால்நடைகளுக்கு வந்த மருந்து மனிதனின் கண்ணைக் காப்பாற்றியது! இந்தியாவில் 2018 முதல் சில மாவட்டங்களில் யானைக்கால் நோய்க்கும் டி.இ.சி.யோடு இது சேர்த்துக் கொடுக்கப்படுகிறது.

செய்ய வேண்டியதும் கூடாததும்

நாய்க்கு இதயப்புழு வராமல் தடுக்க வேண்டிய ஐவர்மெக்டின் அளவு, ஒரு கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம். மாட்டுக்குப் போடும் அளவு 200 மைக்ரோகிராம். 10 கிலோ நாய்க்குத் தேவை வெறும் 60 மைக்ரோகிராம். ஒரு சதவீத மாட்டு ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. "மாட்டுக்கு வாங்கினது மிச்சம் இருக்கு, நாய்க்கும் கொஞ்சம் போடு" என்று சொல்வது எவ்வளவு ஆபத்து என்று கணக்குப் போட்டால் புரியும். அதுவும் கோலி இன நாய்களில் பலவற்றுக்கு அதிக அளவு ஐவர்மெக்டின் மூளையைத் தாக்கும்.

வடகிழக்கிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ நாய் கொண்டுவருபவர்கள் முதலில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். தடுப்பு மருந்து தேவையா, எது, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மாத மருந்து கொசு கடிப்பதைத் தடுக்காது, ஏற்கெனவே உடலுக்குள் போன இளம்புழுக்களைத்தான் கொல்லும். அதனால் ஒரு மாதம் விட்டுப்போனாலும் பாதுகாப்பில் ஓட்டை விழுந்துவிடும்.

மருத்துவர் தேவைப்படாத வேலை ஒன்றும் இருக்கிறது. வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது. 1900-லேயே மூன்று நாட்டு விஞ்ஞானிகள் சொல்லிவிட்ட விஷயம் அது. வாசலில் படுத்திருக்கும் நாயைக் கடிக்கும் கொசு, அடுத்து திண்ணையில் உட்கார்ந்திருப்பவரையும் கடிக்கும். கொசுவை ஒழித்தால் இரண்டு பேருக்கும் நல்லது.