வீட்டுக் கள்ளும் கூம்புத் தொட்டியும்



போன வாரம் வகுப்புத் தோழன் ஒருவன் ஒரு வீடியோவைக் காட்டினான். அமெரிக்காவில் ஒருவர் தன் கார் ஷெட்டில் பீர் காய்ச்சுகிறார். பளபளவென்று எவர்சில்வர் தொட்டி. மேலே உருளை, கீழே புனல் மாதிரி கூம்பு, நுனியில் ஒரு வால்வு. "நம்ம ஊர்ல இதெல்லாம் யாருக்குடா தெரியும்?" என்றான். தெரிந்திருந்தது, அதுவும் நம்ம காஞ்சிபுரம் பக்கத்திலேயே என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. (குடிக்க ஆதரவு தேடும் பதிவு இல்லை. வீட்டில் யாரும் பயப்பட வேண்டாம்!)

முதலில் அந்தத் தொட்டி. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடுகிறது. வேலை முடிந்ததும் அடியில் மண்டியாகப் படிகிறது. அந்த மண்டியோடு ரொம்ப நாள் கிடந்தால் பானத்தின் சுவை கெடும். அடி தட்டையாக இருந்தால் தெளிவை வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும், அப்போது காற்று படும். கூம்பு என்றால் வால்வைத் திறந்து மண்டியை மட்டும் இறக்கிவிடலாம். தேனை நீரில் கரைத்துச் செய்யும் தேன்மது மாதக்கணக்கில் தெளிய வேண்டியது என்பதால் அதற்கு இது இன்னும் வசதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை வாங்கியவர் லியோபோல்ட் நாதன். பெயரைப் பார்த்து நம்மூர்க்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், ஐரோப்பியர்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றி கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை. மொத்தம் 500 அடிகள். பரிசு பெற்று வந்த பாணன் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதுபோல் போகும். வழியில் யார் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதெல்லாம் வரும். ஆநிரை கவர்ந்து வரும் வீரர்கள் வீட்டிலேயே சமைத்த 'தோப்பி' என்ற நெல்லுக் கள்ளைக் குடிக்கிறார்கள். வலைஞர் குடியிருப்பில் சுட்ட மீனோடு கள் கிடைக்கிறது. அங்கே அதன் செய்முறையே இருக்கிறது!

தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவிட வேண்டும். பிறகு நெல்முளையை இடித்து அதில் கலக்க வேண்டும் (முளை என்பது உரைகள் தரும் விளக்கம்). இரண்டு பகல், இரண்டு இரவு போகவேண்டும். கெட்டியான வாயுள்ள சாடியில் விளைய வைத்து, வெந்நீர் சேர்த்து, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். அவ்வளவுதான்.

இதில் முளைதான் விஷயம். ஈஸ்ட் மாவுச்சத்தை நேராகத் தின்னாது. தானியம் முளைவிடும்போது உண்டாகும் நொதிகள்தான் அதைச் சர்க்கரையாக்கும். பீருக்கு பார்லியை முளைகட்டுவதும் இதற்காகவே. ஆக, அது அரிசி பீர்தான்.

மண்டிப் பிரச்சினையும் அவர்களுக்குத் தெரியும். 'தேறல்' என்ற சொல்லையே பாருங்கள். தேறியது, அதாவது தெளிந்தது. மலைவாழ் மக்கள் மூங்கில் குழாயில் முதிரவைத்த தேன் தேறலைக் குடிப்பது திருமுருகாற்றுப்படையில் வருகிறது. கூம்பு வடிவமும் இங்கே புதிதல்ல. நம்ம செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது இல்லையா? அந்தப் பாலாறு கடலில் சேரும் இடத்தருகே, வாசவசமுத்திரத்தில், 1970-ல் அகழாய்வு நடந்தது. ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளோடு கூம்பு வடிவச் சாடிகளும் கிடைத்தன.

அப்படியானால் எங்கே போயிற்று இந்த வேலை? பாதி விடை எங்கள் உத்திரமேரூரிலேயே இருக்கிறது. 921-ஆம் ஆண்டு, முதலாம் பராந்தக சோழன் காலக் குடவோலைக் கல்வெட்டு. ஐம்பெரும் பாதகங்களில் முதல் நான்கைச் செய்தவர் வாரியத்தில் நிற்க முடியாது. அந்தப் பட்டியலில் கள்ளுண்ணலும் ஒன்று. வீட்டுக்கு வந்த பாணனுக்கு மீனோடு கொடுத்த பொருள், சபையில் தகுதிநீக்கக் காரணமாகிவிட்டது.

மீதி விடை நான் படிக்கும் பி.காம் பாடத்தில் இருக்கிறது. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதுவரை கள், சாராயக் குத்தகையில் அரசுக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றது. அந்த ஓட்டையை அடைக்க 1939-ல் வந்ததுதான் சென்னை மாகாணப் பொது விற்பனை வரி. எங்கள் வரிப் பாடத்தின் பாட்டன்! பிறகு கதை தலைகீழானது. 1971-ல் விலக்கு தளர்ந்தது, 1974-ல் திரும்ப வந்தது, 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987 முதல் கள்ளுக்கும் தடை. 2003-ல் சில்லறைக் கடைகளும் அரசிடம். வரி வந்தது, மது போகவில்லை. போனது வீட்டு வேலையும் மரமேறிகளின் பிழைப்பும்தான்.

பிரிட்டனில் 1963-லும் அமெரிக்காவில் 1978-லும் வீட்டு பீருக்குச் சட்டம் வழிவிட்டது. இங்கே 1937 சட்டப்படி வீட்டில் காய்ச்சுவது குற்றம்தான். 2023 மே மாதம் மரக்காணத்திலும் பக்கத்து மதுராந்தகம் பகுதியிலும் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதைச் சொல்லி "வீட்டுக் கள் என்றாலே விஷம்" என்கிறார்கள் சிலர். அவர்களைக் கொன்றது மெத்தனால், தொழிற்சாலைச் சரக்கு. அரிசிக் களியும் முளையும் சேர்ந்து அதை உண்டாக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. அதற்காகச் சட்டத்தை மீறச் சொல்லவும் இல்லை.

எங்கள் பாட்டி இன்றும் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் கூழ் காய்ச்சுவார். அந்தச் செய்முறையைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். எதற்கு என்று சொல்லவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "மொளைய நெழல்ல காயவெச்சாங்களா, வெயில்லயா? அதுல தானடா எல்லாம் இருக்கு?"

பாட்டில் அது இல்லை.