"இதே மாதிரி ஒரு டஜன் குடுங்க"

எங்கள் வீடு திருவான்மியூர் கடற்கரையிலிருந்து நடந்து போகிற தூரம். உப்புக்காற்றில் இரும்பு எதுவும் ரொம்ப நாள் தாங்காது. போன மாதம் மொட்டைமாடிக் கதவின் கீழ்ப்பாதியில் இருந்த அலுமினியத் தகடு ஒரு பக்கம் பெயர்ந்து, ராத்திரி முழுக்கக் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. காலையில் போய்ப் பார்த்தேன். இரண்டு ஸ்க்ரூவுக்குத் தலையே இல்லை, துரு தின்றுவிட்டது. மற்ற இரண்டும் சட்டத்தில் அப்படியே நின்றன. தகடுதான் அவற்றின் தலையைத் தாண்டிக் கழன்று வந்திருந்தது.

நல்லதாக இருந்த ஒன்றைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"இதே மாதிரி ஒரு டஜன் குடுங்கண்ணே. எஸ்எஸ்ல வேணும்."

கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சிஎஸ்கே செல்ஃப் ஸ்க்ரூ. எதுக்கு சார்?"

"மாடிக் கதவுத் தகட்டுக்கு."

"தகடு என்ன கனம்?"

"ஒரு எம்எம் இருக்கும்."

"அப்ப இதப் போட்டவனே தப்பா போட்டிருக்கான். நீங்களும் வந்து அதையே கேக்கறீங்க."

சிஎஸ்கே என்றால் ஊருக்கே கிரிக்கெட்தான். ஹார்டுவேர் கடையில் மட்டும் அது கவுண்டர்சங்க், அதாவது தலை வெளியே தெரியாமல் தகட்டுக்குள் பதிந்து உட்காரும் ஸ்க்ரூ. செல்ஃப் ஸ்க்ரூ என்பது செல்ஃப் டாப்பிங். துளைக்குள் தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும், பின்னால் நட்டு வேண்டாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை அமெரிக்காவில் பரப்பியது பார்க்கர்-கேலன் என்ற கம்பெனி. இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர்களும் டச்சுக்காரர்களும் தகடு ஸ்க்ரூவை 'பார்க்கர்' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.

கடைக்காரர் சொன்னது எனக்கு வேறொன்றை ஞாபகப்படுத்தியது. விபத்து விசாரணை அறிக்கைகள் படிப்பது என் பொழுதுபோக்கு. அதில் மறக்க முடியாத ஒன்று, 1990 ஜூன் 10 அன்று நடந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விபத்து.

பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குக் கிளம்பிய விமானம். 17,300 அடி உயரத்தில் கேப்டன் பக்கத்து முன் கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு வெளியே போனது. கேப்டன் டிம் லான்காஸ்டரின் உடம்பு பாதிக்குமேல் ஜன்னலுக்கு வெளியே. உள்ளே இருந்த ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டே நிற்க, துணை விமானி சுமார் 20 நிமிடத்தில் சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்தார். சில மாதங்களிலேயே திரும்பவும் விமானம் ஓட்ட வந்துவிட்டார்.

அந்தக் கண்ணாடியை மாற்றி 27 மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகள் மொத்தம் 90, எல்லாமே தலை பதிகிற கவுண்டர்சங்க் வகை. அவற்றில் 84 போல்ட்டுகள் விட்டத்தில் 0.026 அங்குலம் சிறியவை. நம் கணக்கில் சுமார் 0.66 மி.மீ. மீதி ஆறு, விட்டம் சரி, நீளம் 0.1 அங்குலம் குறைவு.

இது எப்படி நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். மாற்றியவர் அனுபவமுள்ள ஷிஃப்ட் மேலாளர். பழைய போல்ட்டுகளைக் கழற்றினார். அவை 7டி என்ற ரகம். விதிப்படி இருக்க வேண்டியது 8டி. அதாவது ஏற்கெனவே விமானத்தில் இருந்ததே தப்பு, ஆனால் நாலு வருஷம் தாங்கியிருந்தது. ஸ்டோரில் இருந்தவர் "இந்தக் கண்ணாடிக்கு 8டி போடணும்" என்று சொல்லியும் இருக்கிறார். இவர், இத்தனை நாள் இருந்ததையே போடுவோம் என்று முடிவு செய்தார். ஸ்டோரில் 7டி போதுமான அளவு இல்லை. வெளிச்சம் குறைந்த வேறொரு இடத்துக்குப் போய், பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணால் ஒப்பிட்டுப் பொறுக்கினார். வந்தது 8சி. நீளம் சரியாக இருந்தது, உடல்தான் மெலிசு. மரையும் ஏறியது. தலை சின்னது என்பதால் குழிக்குள் கொஞ்சம் ஆழமாக உட்கார்ந்தது. ராத்திரி நேரத்தில் அது கண்ணில் படவில்லை.

நான் சாஃப்ட்வேர் ஆள். ஓடிக்கொண்டிருக்கிற சர்வரிலிருந்து ஒரு செட்டிங்கை அப்படியே எடுத்துப் புதுசில் போடுவது எங்களுக்குத் தினசரி வேலை. 'இத்தனை நாள் ஓடிச்சே' என்பதைவிடப் பெரிய ஆதாரம் எங்களிடமும் கிடையாது. அதனால் அந்த மேலாளரைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. பழைய ஸ்க்ரூவைப் பையில் போட்டுக்கொண்டு போன நானும் அதையேதான் செய்தேன்.

சரி, என் பழைய ஸ்க்ரூவில் என்ன தப்பு? 4.2 மி.மீ. செல்ஃப் ஸ்க்ரூவின் சிஎஸ்கே தலை சுமார் 2.6 மி.மீ. ஆழம். என் தகடோ 1 மி.மீ. தலை பதியட்டும் என்று குழித்தால், தகட்டின் மொத்தக் கனமும் கூம்பாகிப் போய், துளையின் விளிம்பு கத்தி முனை மாதிரி ஆகிவிடும். அந்த முனைதான் தகட்டைப் பிடித்து வைக்க வேண்டும். காற்றில் ஆட ஆட அங்கே விரிசல் விடும்.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1988 ஏப்ரல் 28, ஹவாய் தீவுகளில் அலோஹா ஏர்லைன்ஸ் 243. 19 வருஷம் பழைய போயிங் 737, அதுவரை 89,000 தடவைக்குமேல் பறந்தது. 24,000 அடியில் அதன் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். மற்ற எல்லோரோடும் விமானம் மவுயி தீவில் இறங்கியது. தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போனது, கடல் காற்றின் அரிப்பு, பராமரிப்புக் குறை என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று இது: அந்த மேல் தகட்டின் கனம் 0.036 அங்குலம், அதாவது 0.9 மி.மீ. ரிவெட் தலைக்காகப் போட்ட குழி அந்தக் கனத்தை முழுசாகத் தாண்டியிருந்தது. பசை பிடிக்கிறவரை சுமை பசைமேல் இருந்தது. அது விட்டதும் சுமை கத்தி முனைமேல் வந்தது. விரிசல்கள் அங்கிருந்துதான் கிளம்பின.

என் கதவுத் தகடும் கிட்டத்தட்ட அதே கனம்.

அடுத்தது உலோகம். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு அடித்தது. மேற்கிந்தியக் கடலில் மரத்தைத் துளைக்கும் புழுவிலிருந்து காப்பாற்றத்தான். 1763-இல் பார்த்தபோது செப்பு நன்றாகவே இருந்தது, அதைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள்தான் கரைந்துபோயிருந்தன. ஆனால் சில இடங்களில் செப்புத் தகடு சுற்றி வந்த காகிதம் கிழிக்கப்படாமல் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அங்கே மட்டும் ஆணி பிழைத்திருந்தது. கால்வானி, வோல்டா எல்லாம் இன்னும் வராத காலம். காரணம் தெரியாமலே பாடம் கிடைத்துவிட்டது: உப்பு நீரில் இரண்டு உலோகம் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டே ஆக வேண்டுமென்றால், அரிபடுகிற உலோகம் பரப்பில் பெரியதாக இருக்க வேண்டும். பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன எஸ்எஸ் ஸ்க்ரூ போடலாம். எஸ்எஸ் தகட்டில் அலுமினிய ரிவெட் போட்டால் அலார்ம் கதைதான்.

எஸ்எஸ் என்பதும் ஒன்றல்ல. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் க்ரூப் கம்பெனியின் ஸ்ட்ராஸும் மவுரரும் 1912-இல் குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்த எஃகுக்குக் காப்புரிமை எடுத்தார்கள். 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், துப்பாக்கிக் குழல் தேய்மானத்தை ஆராய்ந்த ஹாரி ப்ரேர்லி, நிக்கல் இல்லாமல் சுமார் 13 சதவீதக் குரோமியம் சேர்த்து ஒன்றை உருக்கினார். இன்று கடையில் கிடைக்கிற 304 முதல் வழி, 410 இரண்டாவது வழி. 'காந்தம் ஒட்டினா எஸ்எஸ் இல்ல' என்று நாம் சொல்வது முழு உண்மையில்லை. 410-இல் காந்தம் ஒட்டும், அதுவும் எஸ்எஸ்தான். சூடேற்றிக் கடினப்படுத்தலாம் என்பதால் முனையில் டிரில் உள்ள ஸ்க்ரூக்களுக்கு அதுதான் வசதி. ஆனால் கடற்கரையில் 410 துருப்பிடிக்கும். 304 பரவாயில்லை, மாலிப்டினம் சேர்ந்த 316 இன்னும் மேல்.

304-க்கு ஒரு குறை உண்டு. அது மென்மை. சாதா செல்ஃப் ஸ்க்ரூவின் மேற்பரப்பைக் கடினப்படுத்தியிருப்பார்கள், இதை அப்படிச் செய்ய முடியாது. சின்னத் துளையில் முரட்டுத்தனமாக முறுக்கினால் மரை பிடித்துக்கொண்டு தலை முறியும். 4.2 ஸ்க்ரூவுக்கு 1 மி.மீ. தகட்டில் சுமார் 3.2 மி.மீ. துளை போட்டுவிட்டு, கையால் நிதானமாகத் திருகுவது நல்லது.

கடைசியில் என்ன வாங்கினேன்? தகட்டுக்கு 304-இல் பேன் ஹெட், அதாவது தலை தகட்டின்மேல் தட்டையாக உட்காருகிற ஸ்க்ரூ. அலார்ம் கப்பலின் காகிதத்துக்குப் பதிலாக அடியில் நைலான் வாஷர். கதவுக் கீல்களுக்கு மட்டும் சிஎஸ்கே. அதன் இலை 3 மி.மீ. கனம், 2.6 மி.மீ. தலை சுகமாகப் பதிந்து கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

பில் போடும்போது கடைக்காரர் என் பழைய ஸ்க்ரூவை நீட்டி, "இது வேணுமா சார்?" என்றார். வாங்கி வந்து ஆபீஸ் மேஜைமேல் வைத்திருக்கிறேன். ஓடுகிற சர்வரிலிருந்து எதையாவது காப்பி பண்ணப் போகும்போது கண்ணில் படட்டும்.