பழம் பீரங்கிகளின் மேற்பரப்புப் பாதுகாப்பு: மட்டக்களப்பு

பழைய துவக்கு, பீரங்கி போன்ற படைக்கலங்களின் கறளைச் சுரண்டிப் புது மெருகேற்றுவதா, காலம் ஏற்றிய நிறத்தோடு அப்படியே காப்பதா என்பது அருங்காட்சியகத் துறையில் நெடுநாளாக நடக்கும் வழக்கு. உப்புக் காற்று வீசும் மட்டக்களப்பு வாவிக் கரையில் இந்த வழக்குக்கு அவசரமும் கூடிவிடுகிறது. இங்கே சும்மா விட்டுவைத்த இரும்பு, சும்மா இருப்பதில்லை.

வாவி நடுவே புளியந்தீவில் நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பினர். 1638 மே 18இல் வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். இலங்கையில் அவர்கள் கைப்பற்றிய முதற் போர்த்துக்கேயக் கோட்டை இதுவே. ஆங்கிலேயர் கைக்கு அது 1795இல் போயிற்று. பின்னர் நெடுங்காலம் கச்சேரி இயங்கிய அதே மதிலுக்குள், பழைய பீரங்கிகள் இன்றும் வாவியைப் பார்த்துக் கிடக்கின்றன. காணி அலுவலாகக் கச்சேரிக்கு வந்து வரிசையில் நின்ற எத்தனையோ பேர் அவற்றைக் கடந்து போயிருப்பார்கள். குந்தியிருக்க வசதியான இரும்புத் திண்டு என்பதற்கு மேல் பலருக்கும் அவை எதுவுமில்லை.

வார்ப்பிரும்புப் பீரங்கிக்குப் ‘பூர்வ மெருகு’ என்று ஒன்று இருந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். கப்பலிலும் கொத்தளத்திலும் இருந்த காலத்திலேயே அதற்குத் தாரோ கறுப்பு வர்ணமோ பூசிக்கொண்டே இருந்தார்கள். ஆகையால் வர்ணம் பூசுவதே குற்றம் என்பவர்களோடு உடன்பட முடியாது. காக்க வேண்டியது அந்தப் பூச்சுக்கு அடியில் உள்ள இரும்பின் தோல். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு உரிய பீரங்கிகளில் வி, ஓ, சி என்ற மூன்றெழுத்துப் பின்னல் முத்திரை இருக்கும். கூடவே, பொருளை அனுப்பிய கம்பனிக் கிளையின் எழுத்து, ஆம்ஸ்டர்டாம் எனில் ‘ஏ’. எடை இலக்கம் உளியால் வெட்டப்பட்டிருக்கும். பீரங்கியை வண்டியில் தாங்கும் பக்கவாட்டு முளைகளில் வார்ப்பாலையின் குறி இருக்கும். அங்கே ‘எஃப்’ என்று கண்டால் அது சுவீடனின் ஃபின்ஸ்பாங் ஆலையைக் காட்டலாம். ஒல்லாந்தர் சுடுகலன் இரும்பைப் பெருமளவில் சுவீடனிலிருந்தே வாங்கினார்கள். இவ்வளவும் ஓரிரு மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் செய்தி. மணல் பீச்சும் இயந்திரத்தைப் பிடித்தால் அரை மணி நேரத்தில் பளபளப்பு வந்துவிடும், எழுத்து போய்விடும்.

மறுபக்கம், தொடாமல் விட்டாலும் எழுத்து மிஞ்சாது. காற்றில் வரும் உப்பின் குளோரைடு இரும்பின் நுண்துளைகளுக்குள் இறங்கி ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்கிறது. கறள், தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் மேல்தோலை உள்ளிருந்து உந்தித் தள்ளும். மாரி முடிந்து வெயில் ஏறும் நாட்களில் இப்படிப்பட்ட பீரங்கியை விரலால் தட்டிப் பாருங்கள்: ஓரிடத்தில் கணீர் என்னும், அடுத்த சாணில் பொத்தென்று ஒலிக்கும். பொத்தென்ற இடத்தில் நகம் நுழைந்தால் பலகாரத் தட்டின் அடுக்குப்போல் ஒரு செதிள் கையோடு வரும். அந்தச் செதிளில்தான் முத்திரையின் தடம் இருக்கக்கூடும்.

தஞ்சாவூர்ப் பீரங்கிமேட்டைக் காட்டி, ‘அது வெட்டவெளியில் நிற்கவில்லையா’ என்று கேட்பவர்கள் உண்டு. நாயக்கர் காலத்து அந்தப் பெரும் பீரங்கி ஏறத்தாழ 7.5 மீட்டர் நீளமும் 22 தொன் எடையும் கொண்டது. ஆனால் அது வார்ப்பு அல்ல. இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்து ஒட்டியது. கான்பூர் ஐ.ஐ.டி. உலோகவியலாளர் ஆர். பாலசுப்ரமணியம் அதன் அமைப்பை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அதன் இரும்பு வேறு, காற்றும் வேறு. ஒப்பீடு பொருந்தாது.

பாதுகாப்பாளர்கள் இன்று கையாளும் முறை சுருக்கமாக இது: உதிரும் கறளை மட்டும் மென்மையாக நீக்குவது, இயன்றால் சோடியம் ஹைட்ரொக்சைடுக் கரைசலில் ஊறவைத்தோ மின்பகுப்பாலோ உப்பை வெளியே இழுப்பது, டனிக் அமிலம் தடவுவது, கடைசியில் மெழுகோ வர்ணமோ பூசுவது. டனிக் அமிலம் கறளோடு சேர்ந்து கருநீலப் படலமாகிறது. கடுக்காயும் அன்னபேதியும் கலந்து மை காய்ச்சிய நம் முன்னோருக்கு இந்த இரசாயனம் புதிதல்ல. கடலில் கிடந்த பெரிய பீரங்கிக்கு உப்பிறக்கவே ஆண்டுக்கணக்கு பிடிக்கும். 1659இல் காலித் துறையில் மூழ்கிய ‘அவொண்ட்ஸ்டர்’ கப்பலின் பொருட்களுக்காகக் காலியில் ஏற்பட்ட கடலடித் தொல்லியல் பிரிவின் கூடம் 2004 ஆழிப்பேரலையில் அழிந்தது இத்துறைக்குப் பேரிழப்பு.

வெண்கலத்தின் கதை எளிது. அதன் களிம்பு பெரும்பாலும் கவசமாகிவிடும். புளி போட்டு விளக்கினால்தான் கேடு. லெவ்கே திசாவை கண்டி அரசருக்கு அளித்த சிறு பீரங்கி வெண்கலம், பொன், வெள்ளி, மாணிக்கம் கொண்டு அமைந்தது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையிட்ட அது, ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்துவிட்டு 2023 டிசம்பரில் கொழும்புக்குத் திரும்பியது. நுண் அலங்காரம் தேயாமல் வந்ததால்தான் அதை அடையாளங்காணவும் ஆராயவும் முடிந்தது.

கைத்துவக்குகளில் மேற்பரப்பே பாதி வரலாறு. குழலுக்கு வேண்டுமென்றே மெல்லிய கறள் ஏற்றித் தேய்த்துப் பழுப்பாக்குவது பழைய வழக்கம்; நீலக் கறுப்பாக்குவது இன்னொன்று. கண்டித் துவக்குகளின் வெள்ளிப் பதிப்பு ஒரு தடவை மினுக்கினாலே மங்கும். வயல் காவலுக்கு இன்றும் பாவிக்கும் அனுமதித் துவக்கு இதில் சேராது. அதற்கு எண்ணெய் போட்டுத் துடைப்பதே முறை, 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமும் வேண்டும்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைத் தொல்பொருள் என வகுத்தது. ஒல்லாந்தப் பீரங்கி எதுவும் அதற்குள் அடங்கும். வளவிலோ வாவிச் சேற்றிலோ அப்படி ஒன்று தட்டுப்பட்டால் கம்பி பிரஷைத் தேடாதீர்கள், குழலுக்குள் கையும் விடாதீர்கள்; பழைய மருந்து உள்ளே இருக்கக்கூடும். சேற்றிலிருந்து வந்ததாயின் காயவிடாமல் ஈரச் சாக்கால் மூடிவிட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்குத் தகவல் கொடுங்கள்.