ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரம்: நோயாளர் பணியும் இறைநம்பிக்கையும்

செவிலியர் பணி புரிவோருக்கு இறைநம்பிக்கை தேவைதானா என்னும் வினா புதியதன்று. காயத்தைக் கழுவிக் கட்டும் கைக்கு மார்க்கம் எதற்கு, பயிற்சி போதாதா என்று கேட்போர் உளர். இறையச்சம் இல்லாதவரிடம் நள்ளிரவில் ஒரு நோயாளியை ஒப்படைக்கலாமா என்று கேட்போரும் உளர். நம்மவரிடையே இவ்வினா வேறொரு வடிவில் எழுகிறது. பிள்ளைப்பேற்றுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் நம் இல்லத்துப் பெண்களுக்குப் பெண் செவிலியரே வேண்டும் என்று விரும்புகிறோம். ஆனால் நம் மகள் அப்படிப்புக்கு விண்ணப்பிக்க வந்து நின்றால், அது மார்க்கத்துக்கு ஒத்துவருமா என்று தயங்குகிறோம். அத்தயக்கத்துக்கு மார்க்கம் உண்மையிலேயே காரணமா என்பதை வரலாற்றைக் கொண்டே பார்த்துவிடலாம்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) நடைபெற்ற அகழ்ப்போரில், அவ்ஸ் குலத் தலைவர் ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களின் கை நாளத்தில் அம்பு தைத்தது. அவரைப் பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் சேர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அருகிலிருந்தால் அடிக்கடி சென்று நலம் விசாரிக்கலாம் என்பதே காரணம். காலையிலும் மாலையிலும் அவ்வழியே செல்லும்போது அண்ணலார் அவரிடம் நலம் கேட்டறிந்ததை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ‘அல்அதபுல் முஃப்ரத்’ நூலில் பதிவு செய்துள்ளார்கள். ஸஅத் (ரலி) அவர்கள் மதீனாவிலேயே வீடும் உற்றாரும் உடையவர்; ஒரு குலமே அவருக்குப் பணிவிடை செய்யக் காத்திருந்தது. எனினும் அவர் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. காயத்தைக் கவனிக்கத் தெரிந்த ஒரு பெண்மணியிடம் ஒப்படைக்கப்பட்டார். பனூ குறைழா விவகாரத்தில் தீர்ப்புக் கூறுவதற்காக அவரைக் கழுதையின் மீதேற்றி அழைத்துச் சென்றதும் இக்கூடாரத்திலிருந்துதான். திரும்பி வந்த பின் காயம் மீண்டும் உடைந்தது. பள்ளிவாசலில் தங்கியிருந்த பனூ கிஃபார் குலத்தாரின் கூடாரம்வரை குருதி ஓடிய பிறகே அவர்கள் அதை அறிந்தார்கள் என்று ஸஹீஹுல் புகாரி கூறுகிறது. ஸஅத் (ரலி) அவர்கள் அக்காயத்தினாலேயே மறைந்தார்கள்.

ருஃபைதா (ரலி) அவர்களை அறிமுகப்படுத்தும்போது வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் இரண்டு செய்திகளைச் சொல்கிறார். ஒன்று, அவர் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தார். மற்றொன்று, கவனிப்பாரற்றுப் போன முஸ்லிம்களுக்குப் பணிவிடை செய்வதில் தம்மை அர்ப்பணித்துக்கொண்டார். இவ்விரண்டாவது செய்திக்கு அவர் ஆளும் அரபுச் சொல் ‘இஹ்திஸாப்’ என்னும் வேரிலிருந்து வருவது. கூலியை மனிதரிடம் எதிர்பாராமல் அல்லாஹ்விடம் கணக்கில் வைத்துக்கொள்வது என்பது அதன் கருத்து. முதற்செய்தி திறனைப் பற்றியது. இரண்டாவது, அத்திறனை யாருக்காகச் செலவிட்டார் என்பதைப் பற்றியது. பணமும் உறவும் உள்ள நோயாளிக்கு ஆள் கிடைப்பது எக்காலத்திலும் கடினமன்று. யாருமற்றவரின் படுக்கையருகே அமர்வதற்குத்தான் வேறொரு காரணம் தேவைப்படுகிறது. இறைநம்பிக்கைக்குச் செவிலியர் பணியில் என்ன இடம் என்ற கேள்விக்கு என் அறிவுக்கு எட்டிய விடை இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். அண்மைக்கால மலர்களில் ருஃபைதா (ரலி) அவர்கள் செவிலியர் பள்ளி நடத்தியதாகவும் பணி விதிகள் வகுத்ததாகவும் விரிவாக எழுதுகிறார்கள். முற்காலத்து நூல்களில் அத்தனை விரிவு இல்லை. இப்னு ஸஅத் அவர்களோ, பள்ளிவாசல் கூடாரத்தையும் ஸஅத் (ரலி) அவர்களுக்குச் செய்யப்பட்ட சிகிச்சையையும் குஐபா பின்த் ஸஅத் அல்அஸ்லமிய்யா (ரலி) என்னும் பெயரின் கீழ்த் தருகிறார். உள்ள செய்தியே போதுமான சிறப்புடையதாக இருக்க, இல்லாததைச் சேர்த்து அழகுபடுத்த வேண்டியதில்லை.

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நம்பிக்கை மட்டும் இருந்துவிட்டால் நோயாளியைத் தொட உரிமை வந்துவிடுமா? மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் சிகிச்சை செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்பது அபூதாவூதில் இடம்பெற்றுள்ள நபிமொழியின் கருத்து. அவர் எவ்வளவு தொழுகையாளி என்பது அங்கே கேட்கப்படவில்லை. அதே நூலில் மற்றொரு செய்தி உண்டு. ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, ஸகீஃப் குலத்து மருத்துவர் ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லுமாறு அண்ணலார் கூறினார்கள். அந்த ஹாரிஸ் இஸ்லாத்தை ஏற்றாரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஆகவே மருத்துவத்தில் முஸ்லிமல்லாதாரின் உதவியை நாடலாம் என்பதற்கு இச்செய்தியை ஆதாரமாகக் கொண்டோர் இருக்கிறார்கள்.

அப்பாஸியர் ஆட்சியில் இது நடைமுறையாகவே ஆனது. கி.பி. 931இல் பக்தாதில் ஒரு நோயாளி தவறான சிகிச்சையால் இறந்தார் என்ற செய்தி கலீஃபா முக்ததிரின் காதுக்கு எட்டியது. தேர்வில் தேறாத எவரும் சிகிச்சை செய்யலாகாது என்று அவர் ஆணையிட்டார். அத்தேர்வை நடத்தும் பொறுப்பு ஸினான் பின் ஸாபித் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பக்தாதில் மட்டும் 860க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர். தேர்வாளரான ஸினான் அப்போது ஸாபியீன் சமயத்தவர். இஸ்லாத்தில் இணைந்தது அதற்குப் பின்னரே.

இதே ஸினானுக்கும் அமைச்சர் அலீ பின் ஈஸாவுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து ஒன்று உண்டு. மருத்துவர் இல்லாத கிராமங்களுக்கு மருந்துப் பெட்டிகளுடன் ஒரு குழுவை அனுப்புமாறு அமைச்சர் ஏற்பாடு செய்திருந்தார். குழுவினர் சென்ற ஓரிடத்தில் பெரும்பாலோர் யூதர்கள். அங்கே தங்கிச் சிகிச்சை செய்வதா, கடந்து செல்வதா என்று ஸினான் கேட்டெழுதினார். அவர்களுக்கும், ஏன் கால்நடைகளுக்கும்கூட, சிகிச்சை செய்வது சரியே என்று அமைச்சர் விடையளித்தார். ஆயினும் மனிதருக்குப் பின்னரே விலங்குகள், முஸ்லிம்களுக்குப் பின்னரே பிற சமயத்தார் என்று ஒரு வரிசையையும் வகுத்தார். இன்றைய மருத்துவமனையில் இவ்வரிசையை எவரும் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. ஆனால் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், வேற்றுச் சமயத்துக் கிராமத்தை மருத்துவக் குழு கடந்து போய்விடக் கூடாது என்று ஓர் அமைச்சர் எழுத்தில் ஆணையிட்டார் என்பதை மறைத்துவிடவும் கூடாது.

ஐரோப்பாவில் இவ்வினா சூடுபிடித்த இடம், வியப்பாக, துருக்கிய உதுமானியர் மண்ணாகும். கிரிமியாப் போரின்போது பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 செவிலியருடன் 1854 நவம்பரில் இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியில் வந்திறங்கினார். உதுமானிய அரசு ஆங்கிலேயருக்கு அளித்திருந்த ஸெலீமிய்யா படைவீடே அவருடைய மருத்துவமனை. அந்த 38 பேரில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர். 8 பேர் ஆங்கிலிக்கன் சகோதரியர். 6 பேர் ஒரு திருச்சபைப் பயிற்சி இல்லத்தினர். எஞ்சிய 14 பேர் மருத்துவமனைகளில் ஊதியத்துக்குப் பணிபுரிந்தோர். சாகும் தறுவாயில் இருக்கும் வீரரைக் கன்னியர் மதம் மாற்றிவிடுவர் என்று இங்கிலாந்தில் கூக்குரல் எழுந்தது. பிற சபை நோயாளியிடம் மதம் பேசலாகாது என்று கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பின்னர் வந்த கன்னியர் குழு ஒன்றுடன் அம்மையாருக்குக் கடும் பிணக்கு ஏற்பட்டது. முதற்குழுவில் வந்த கன்னியர் தலைவி மேரி கிளேர் மூர் அவர்களோ அவருக்கு வாழ்நாள் தோழியானார்.

நைட்டிங்கேல் அம்மையார் தம் பதினாறாம் வயதில் இறைவன் தம்மைப் பணிக்கு அழைத்ததாக உறுதியாக நம்பியவர். ஆயினும் 1853இல் லண்டனில் ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் பொறுப்பை ஏற்கையில், கத்தோலிக்கரைச் சேர்க்க மறுத்த நிர்வாகக் குழுவிடம், எல்லாச் சமயத்தாரையும் சேர்த்தாலன்றிப் பணியாற்ற முடியாது என்று கூறிவிட்டார். அதுபற்றித் தோழிக்கு எழுதிய கடிதத்தில், நோயாளிகளைப் பார்க்க வரக்கூடிய சமயத் தலைவர்களில் முஃப்திகளையும் அவர் சேர்த்துக் குறிப்பிடுகிறார்.

ஆனால் நம்பிக்கையும் தியாகமும் நிறைந்திருந்த அந்த உஸ்குதார் மருத்துவமனையில், 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். கட்டடத்தின் அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து அவற்றைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கும் வழி செய்தது. ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது. 1860இல் அம்மையாரின் பெயரால் தொடங்கிய பயிற்சிப் பள்ளி எந்தத் திருச்சபையையும் சாராததாக அமைந்தது.

நம் மண்ணிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில், மிஷனரி மருத்துவர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடர் அம்மையாரை ஒரே இரவில் மூன்று ஆடவர் தேடி வந்தனர். மூவரின் மனைவியரும் பிள்ளைப்பேற்றில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். ஆண் மருத்துவரான தந்தையை அனுப்புகிறேன் என்றார் அம்மையார், மூவரும் ஏற்கவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அம்மூவரில் ஒருவர் முஸ்லிம். அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று திரும்பிய ஐடா ஸ்கடர், 1902இல் வேலூரில் மருத்துவமனையும் 1909இல் செவிலியர் பயிற்சியும் தொடங்கினார். 1946இல் அங்கே செவிலியர் பட்டப்படிப்பு ஏற்பட்டது. அவரைத் தூண்டியது அவருடைய சமய நம்பிக்கை. அதனால் பயன்பெற்றவர்களில் நம் குடும்பங்கள் எத்தனை என்பதை வட ஆற்காட்டு ஜமாஅத்தார் நன்கறிவர்.

அந்தத் திண்டிவனத்து முஸ்லிமின் முடிவு மார்க்கத்தின்படி கட்டாயமானதா? இல்லை. ‘ஆண் பெண்ணுக்கோ பெண் ஆணுக்கோ சிகிச்சை செய்யலாமா’ என்னும் பொருளில் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஒரு பாடத்துக்கே தலைப்பிட்டு, அதன் கீழ் ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் அறிவிப்பைத் தருகிறார்கள். போர்க்களத்தில் தண்ணீர் கொடுத்ததையும், காயமுற்றோரை மதீனாவுக்குக் கொண்டுவந்து சேர்த்ததையும் அந்த நபித்தோழியார் அதில் கூறுகிறார். உம்மு அதிய்யா (ரலி) அவர்களோ ஏழு போர்களில் உடன் சென்று நோயாளிகளைக் கவனித்தவர். தேவையின்போது அந்நிய ஆடவருக்கும் பெண் சிகிச்சை செய்யலாம் என்று இப்னு ஹஜர் (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் இதிலிருந்து விளக்கியுள்ளார்கள். உடை, இரவுப் பணி, விடுதி ஆகியவை பற்றிப் பெற்றோர் எழுப்பும் ஐயங்கள் நியாயமானவை. அவை கல்லூரியையும் பணியிடத்தையும் தேர்ந்தெடுக்கும்போது கேட்டுத் தெளிய வேண்டியவை. படிப்பையே விலக்குவதற்கு அவை சான்றாகா.

ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா, அதாவது சமுதாயத்தில் எவரேனும் செய்தே தீர வேண்டிய கடமை என்று ‘இஹ்யா’வில் வகைப்படுத்துகிறார்கள். ஊர் ஊராக மருத்துவர்கள் முஸ்லிமல்லாதாராகவே இருக்க, நம்மவரோ ஃபிக்ஹு கல்விக்கே முண்டியடிக்கிறார்கள் என்று அவர்கள் அங்கே வருந்தி எழுதுகிறார்கள். சட்டக் கல்விக்குப் போனால் பதவியும் வக்ஃபுச் சொத்துகளின் பொறுப்பும் கிடைக்கும், மருத்துவத்தில் அவை கிடைக்கா என்பதே அதற்கு அவர்கள் கண்ட காரணம்.