புகுந்த குழுவில் பெண்கள்: போனோபோ அமைதியின் சமூக அடிப்படை

மனிதனின் வன்முறை பிறவிக் குணமா என்ற விவாதத்தில் வாலில்லாக் குரங்குகள் இரண்டு நெடுங்காலமாகச் சாட்சிக்கு இழுக்கப்படுகின்றன: போர்க்குணத்துக்குச் சிம்பன்சி, சாந்தத்துக்குப் போனோபோ. இந்தப் பங்கீடு பிழையானது. போனோபோவின் அமைதிக்குக் காரணம் அதன் சாந்தகுணமல்ல, பெண்களின் கூட்டணியே என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் உறவுமுறை. 2012-இல் வெளியான போனோபோ மரபணுத்தொகுதி ஆய்வின்படி, மனிதன் இவ்விரண்டிலிருந்தும் ஏறத்தாழ 1.3 விழுக்காடு வேறுபடுகிறான். அவை தமக்குள் 0.4 விழுக்காடே வேறுபடுகின்றன. மனித வழி பிரிந்து பல இலட்சம் ஆண்டுகள் கழித்தே அவையிரண்டும் பிரிந்தன. ஆகவே ஒன்றை மட்டும் நம் மூதாதையின் நேர்வடிவமாகக் கொள்ள இடமில்லை.

அடுத்தது வன்முறை. 2014-இல் வெளியான தொகுப்பாய்வு, 18 சிம்பன்சிச் சமூகங்களில் 152 கொலைகளைக் கணக்கிட்டது. இவற்றில் நேரில் கண்டவையும் ஊகித்தவையும் ஐயத்துக்குரியவையும் அடக்கம். நான்கு போனோபோச் சமூகங்களில் கிடைத்தது ஐயத்துக்குரிய ஒன்று மட்டுமே. ஆனால் காங்கோவின் கோகோலோபோரியில் உள்ள போனோபோக்களையும் தான்சானியாவின் கோம்பேயில் உள்ள சிம்பன்சிகளையும் ஒப்பிட்ட 2024-ஆம் ஆண்டு ஆய்வில், ஆண்களுக்கிடையிலான மோதல் போனோபோக்களிடமே அதிகமாகக் காணப்பட்டது. சிம்பன்சி ஆண்கள் அணிசேர்ந்து தாக்குகின்றன, பெண்களையும் அடிக்கின்றன. போனோபோ ஆண்கள் பெரும்பாலும் தனித்தே சண்டையிடுகின்றன, பெண்களை அரிதாகவே தாக்குகின்றன. சீற்றம் இரண்டிலும் உண்டு. யார் அணிசேர்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

காங்கோ ஆற்றுக்குத் தெற்கே, வாம்பாவில் ஜப்பானிய ஆய்வாளர் தகயோஷி கானோ 1970-களில் தொடங்கிய நீண்டகால ஆய்வு போனோபோப் பெண்களின் அணிசேர்க்கையின் தொடக்கத்தைக் காட்டுகிறது. பருவமெய்தும் பெண் போனோபோ பிறந்த குழுவை விட்டு வேறொரு குழுவில் புகுகிறது. அங்கே அதற்கு இரத்த உறவினர் எவருமில்லை. மூத்த பெண்களில் ஒன்றைத் தேர்ந்து, அதன் அருகிலேயே அமர்கிறது, முகத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறது, மயிர் கோதிவிடுகிறது, மூத்தது இசைந்தால் இரண்டும் தழுவி இனவுறுப்புகளை உரசிக்கொள்கின்றன. பின்னர் ஒரே மரத்தில் பழம் தின்ன இடம் கிடைக்கிறது. இவ்வாறு புகுந்த குழுவில் கட்டிய உறவே நாளை ஓர் ஆண் அத்துமீறும்போது துணைக்கு வருகிறது.

ஆறு சமூகங்களின் முப்பதாண்டுத் தரவுகளை ஆய்ந்த 2025-ஆம் ஆண்டுக் கட்டுரை இதை உறுதிசெய்கிறது. பெண்களின் கூட்டுத்தாக்குதல்களில் 85 விழுக்காடு ஆண்களை நோக்கியவை. ஆண்களுடனான மோதல்களில் பெண்களின் வெற்றி வீதம் சமூகத்துக்குச் சமூகம் பெரிதும் மாறியது. அடிக்கடி அணிசேர்ந்த இடங்களில் அது கூடியது. பெண்ணாதிக்கம் இனத்தின் மாறாக் குணமெனில் இந்த ஏற்றத்தாழ்வை விளக்க இயலாது.

போனோபோக்கள் வாழும் காங்கோ ஆற்றின் தென்பகுதியில் கொரில்லாக்கள் இல்லாததால் தரைச்செடி உணவு மிகுந்தது, அதனால் பெண்கள் சேர்ந்தே திரிய முடிந்தது என்பது மானிடவியலாளர் ரிச்சர்ட் ராங்கமின் விளக்கம். அதை ஏற்றாலும் என் வாதம் தளராது. சூழல் வாய்ப்பைத் தந்திருக்கலாம். கூட்டணியை ஒவ்வொரு தலைமுறைப் பெண்ணும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

மனிதப் பரிணாமத்துக்குப் போனோபோ தரும் சான்று இவ்வளவே: உறவினரல்லாதோரின் கூட்டணி ஆணின் உடல்வலுவை மீறக்கூடும்; அதற்கு மொழியோ சட்டமோ முன்நிபந்தனை அல்ல. ஆணாதிக்கத்தைப் பரிணாமத்தின் கட்டாயமாகக் காட்டும் கோட்பாடுகள் இச்சான்றைக் கடந்து நிற்க முடியாது.