அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி: மூன்று ஆறிலக்க எண்களின் வகைப்பாடு

இந்தியாவில் பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூரின் பின்கோடு 600053, ஆவடியுடையது 600054, பூந்தமல்லியுடையது 600056. தபால் பிரிப்பவருக்கு 600 என்றால் சென்னை, மிச்ச மூன்று இலக்கமும் அஞ்சலகம். இது பதின்ம எழுத்துமுறையை நம்பிய ஏற்பாடு. இலக்கக் கூட்டுத்தொகை போன்ற வேடிக்கைகளும் அப்படித்தான். அவற்றை இங்கே ஒதுக்கிவிடலாம். காரணிகளோ எந்த அடிமானத்தில் எழுதினாலும் மாறாதவை.

600053 ஒரு பகா எண். அதன் வர்க்கமூலம் 774-ஐச் சற்றுத் தாண்டுகிறது. 773 வரையுள்ள 137 பகா எண்களில் ஒன்றுகூட அதை மீதியின்றி வகுக்கவில்லை. நான்கால் வகுத்தால் மீதி 1. ஆகவே ஃபெர்மாவின் தேற்றப்படி அதை இரு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும்: 338² + 697².

ஆவடியின் எண் 2 × 3 × 7² × 13 × 157. அதற்கு 48 வகுத்திகள். தன்னை நீக்கி மற்றவற்றைக் கூட்டினால் 9,12,954. எண்ணைவிடக் கூட்டல் பெரிது என்பதால் இது மிகை எண். பூந்தமல்லியின் எண் 2³ × 107 × 701. அதே கூட்டல் அங்கே 5,37,184தான். ஆகவே குறை எண்.

மிகை, குறை என்ற இந்தப் பழைய கிரேக்கப் பாகுபாடு பார்வைக்குக் கம்பீரமானது. ஆனால் சொல்வது கொஞ்சம். ஆறைவிடப் பெரிய ஆறின் மடங்கு எதுவானாலும் அது மிகை எண்ணே. அம்பத்தூர் எண் குறை எண்ணாக இருப்பதற்கும் அது பகா எண் என்பதே போதும். கூர்மையான அளவுகோல் வேண்டுமென்றால் வெவ்வேறு பகாக் காரணிகளை எண்ண வேண்டும். ஹார்டியும் இராமானுசனும் 1917-இல் எடுத்துக்கொண்ட கேள்வி அதுதான். n என்ற எண்ணுக்கு அந்த எண்ணிக்கை பெரும்பாலும் n-இன் இயல் மடக்கையின் மடக்கையை ஒட்டியிருக்கும் என்று அவர்கள் நிறுவினர். ஆறு இலட்சத்துக்கு அம்மதிப்பு ஏறத்தாழ 2.6. பூந்தமல்லிக்கு மூன்று, ஆவடிக்கு ஐந்து, அம்பத்தூருக்கு ஒன்று.

பகா எண் என்றதும் அபூர்வம் என்று சொல்லிவிடுகிறோம். கணக்கு அதை ஒப்பவில்லை. பத்து இலட்சத்துக்குள் பகா எண்கள் 78,498. சரியாக ஐந்து வெவ்வேறு பகாக் காரணிகள் கொண்டவையோ 42,492 மட்டுமே. மூன்று கொண்டவை 3,79,720, எல்லா வகையிலும் அதிகம். ஆக, இம்மூன்றில் அரிய வகையைச் சேர்ந்தது ஆவடியின் எண்தான். பூந்தமல்லியுடையது மிகச் சாதாரணமானது. பகா எண்ணுக்கு நாம் தரும் மதிப்பு, எல்லா எண்களும் அதிலிருந்தே கட்டப்படுகின்றன என்பதற்கானது. அதை எண்ணிக்கையில் அருமை என்று குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு: ஆவடியின் அருமை ஆறு இலக்க எல்லைக்கு உட்பட்டது. மடக்கையின் மடக்கை ஆமை வேகத்தில் வளர்ந்தாலும் வளரத்தான் செய்கிறது. அது ஐந்தைத் தொடும்போது நாம் ஏறக்குறைய 65 இலக்க எண்களிடம் வந்திருப்போம். அங்கே ஐந்து பகாக் காரணிகள் என்பது வழக்கமான அளவு. பகா எண்களோ சுமார் 148-க்கு ஒன்று.