கணித ஆராய்ச்சியும் பொருளுதவியும்

நுவரெலியாத் தோட்டங்களில் நட்ட தேயிலைக் கன்று சில ஆண்டுகள் பேணிய பின்னரே கொழுந்து தரும். கணித ஆராய்ச்சியும் அத்தகையதே. அதற்குக் கருவிகளினும் மிகுதியாக வேண்டுவது, ஆராய்வோர்க்கு வறுமைக் கவலையற்ற காலமாகும்.

சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராயிருந்த இராமானுஜனுக்கு, அவர் பட்டம் பெறாதவராயினும், 1913ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது.

1950இல் அவர் நினைவாகச் சென்னையில் கணித ஆராய்ச்சி நிலையம் ஒன்றை வள்ளல் அழகப்பச் செட்டியார் நிறுவினார். கணித அறிஞர் விஜயராகவன் அதன் முதல் இயக்குநரானார். ஆயின், பின்னர் நிறுவியவரின் பொருள்நிலை தளரவே, நிலையத்தின் வாழ்வும் ஐயத்திற்குள்ளாயிற்று. சிக்காகோவிலிருந்த வானியற்பியல் அறிஞர் சந்திரசேகர் பிரதமர் நேருவிடம் முறையிட்டார். 1957இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிலையத்தை ஏற்று நடத்தலாயிற்று.

ஆராய்ச்சியைத் தொடங்கிவைக்கத் தனியொருவர் ஈகை போதும். தலைமுறைதோறும் தொடர்ந்து நடத்தற்கோ நிலைத்த நிறுவனத்தின் பொறுப்பு வேண்டும்.